சராசரிக்குள் மறையும் வெருகல்: வருமானமும் காணி விலையும் சொல்வதும் சொல்லாததும்

இலங்கையில் எந்த மாவட்டம் வசதியானது, எந்த மாவட்டம் வறியது என்ற கணக்கு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமான செலவின ஆய்வுதான் அதற்கு அடிப்படை. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி கொழும்பு மாவட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் 2.3 வீதம். முல்லைத்தீவில் அது 44.5 வீதம். முழு நாட்டுக்கும் 14.3 வீதம். பத்திரிகைகள் இதைத் தலைப்பாக்கும், அரசியல்வாதிகள் மேடையில் சொல்வார்கள், பிறகு அடுத்த கணக்கு வரும்வரை பேச்சு அடங்கிவிடும்.

இந்தப் பட்டியலில் வெருகல் என்ற பெயர் இல்லை. வெருகல் ஒரு மாவட்டமல்ல. திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று. ஈச்சிலம்பற்று, பூநகர், இலங்கைத்துறை முகத்துவாரம், வாழைத்தோட்டம், மாவடிச்சேனை, வட்டவன் என்று கடலுக்கும் களப்புக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் ஊர்கள். நெல், சேனைப்பயிர், மாடு, களப்பு மீன் என்பவற்றை நம்பிய வாழ்க்கை. இங்குள்ள குடும்பங்களின் நிலை திருகோணமலை என்ற ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது.

ஓர் இடத்தின் வசதியை அளப்பதற்கு உலகெங்கும் இரண்டு கோல்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று குடும்ப வருமானம், மற்றது வீடு காணிகளின் விலை. இவ்விரண்டு கோல்களும் வெருகலை அளக்கத் தவறுகின்றன. ஏன் தவறுகின்றன என்பதையும், அதனால் அங்குள்ள குடும்பங்களுக்கு என்ன நட்டம் என்பதையும் விளங்கிக்கொள்வது போரினால் பாதிக்கப்பட்ட எல்லாப் பிரதேசங்களுக்கும் பயன்படும்.

சராசரி எப்படி ஏமாற்றுகிறது?

2019 ஆய்வின்படி இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் அதே ஆய்வு இன்னோர் எண்ணையும் தருகிறது. இடைய வருமானம் 53,333 ரூபா. இடையம் என்பது எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். நாட்டின் அரைவாசிக் குடும்பங்கள் அதற்கும் குறைவாகவே பெற்றன என்பது இதன் பொருள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்கள். ஒன்பது குடும்பங்களின் மாத வருமானம் 25, 28, 30, 32, 35, 40, 45, 55, 60 ஆயிரம் ரூபா. பத்தாவது குடும்பத்துக்கு ஆறரை இலட்சம். மொத்தம் பத்து இலட்சம். பத்தால் பிரித்தால் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா. கிராமம் செழிப்பானது என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் ஒரு இலட்சத்தைக் கண்ட குடும்பங்கள் ஒன்றே ஒன்றுதான். இடையத்தைப் பார்த்தால் 37,500 ரூபா வரும். அதுவே அந்தக் கிராமத்தின் உண்மைக்கு நெருங்கிய எண்.

நாட்டின் கணக்கும் இப்படித்தான். 2019இல் உயர் வருமானம் பெற்ற ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் மொத்த வருமானத்தில் 51.4 வீதத்தை எடுத்துக்கொண்டன. அடியிலிருந்த ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது 4.6 வீதம். நகரக் குடும்பத்தின் சராசரி 1,16,670 ரூபா. கிராமத்தில் 69,517. தோட்டத்தில் 46,865. ஆகவே எந்த மாவட்டத்தின் வருமானத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது சராசரியா, இடையமா என்பதுதான்.

ஆற்றுக்கு இப்பால் 9, அப்பால் 19.4

சராசரியின் அடுத்த சிக்கல் எல்லைக்கோடு. வெருகலில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

மகாவலியின் கிளையான வெருகலாறுதான் திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லை. வட கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலும் வெருகலும். தென் பக்கத்தில் கதிரவெளியும் வாகரையும். 2012/13 ஆய்வில் திருகோணமலை மாவட்டத்தின் வறுமை வீதம் 9.0. மட்டக்களப்பின் வறுமை வீதம் 19.4. அதாவது பாலத்தைக் கடந்தவுடன் வறுமை இரண்டு மடங்காகிவிடுகிறது என்று கடதாசி சொல்கிறது.

ஆனால் இரண்டு கரையிலும் இருப்பவர்கள் ஒரே வகையான வயல், ஒரே களப்பு, ஒரே கடல், ஒரே வெள்ளம், ஒரே இடப்பெயர்வு ஆகியவற்றைக் கண்டவர்கள். கொண்டு கொடுத்த உறவினர்களும்கூட. கரையோர வேடர் வழிவந்த குடும்பங்கள் இரு பக்கமும் வாழ்கின்றன. வேறுபடுவது அவர்களோடு சேர்த்துக் கணக்கிடப்படும் மற்றவர்கள்தான். வெருகல் குடும்பத்தின் வருமானம் திருகோணமலை நகரத்தோடும், துறைமுகத்தோடும், சீனக்குடாவின் மாவாலையோடும், அரச அலுவலகங்களில் வேலை செய்வோரோடும், கந்தளாயின் நீர்ப்பாசன வயல்களோடும் சேர்த்துச் சராசரியாக்கப்படுகிறது. வாகரைக் குடும்பத்தின் வருமானம் மட்டக்களப்பின் படுவான்கரையோடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

இதில் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கள்ளம் எதுவுமில்லை. 2019 ஆய்வு முழு நாட்டிலும் 25,000 வீடுகளைத் தெரிவு செய்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்து நடத்தப்பட்டது. 25 மாவட்டங்களுக்கு எண் சொல்ல அந்த மாதிரி போதும். முந்நூறுக்கும் மேற்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளுக்குத் தனித்தனியே சொல்லப் போதாது. பிரதேச செயலக மட்டத்தில் வறுமையைச் சொல்லவேண்டுமானால் குடிசன மதிப்பீட்டையும் இந்த ஆய்வையும் இணைத்து வேறொரு கணக்குச் செய்யவேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டையும் 2012/13 ஆய்வையும் இணைத்து அப்படியொரு வறுமை வரைபடம் தயாரிக்கப்பட்டது. அதன்பின் ஒரு பொருளாதார நெருக்கடி, பெருந்தொற்று, பல வெள்ளங்கள் வந்துபோய்விட்டன.

எண்ணப்படாத ஆண்டுகள்

முன்னேற்றத்தை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். போர்ப் பிரதேசங்களுக்கு அதுவே இல்லை.

2002ஆம் ஆண்டின் வருமான ஆய்வு வடக்கையும் கிழக்கையும் முற்றாக விட்டுவிட்டு நடத்தப்பட்டது. அடுத்த பெரிய ஆய்வு 2006 ஜூலையில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்தது. அதில் வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் சேர்க்கப்படவில்லை. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் வெருகலில் என்ன நடந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து சண்டை மூண்டது. ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினார்கள். நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் விழுந்து 40க்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள். 2007 ஜனவரியில் வாகரையும் படையினரிடம் வீழ்ந்தது. எஞ்சியவர்கள் மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள்.

2009/10 ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் விடுபட்டன. போருக்குப் பின் 25 மாவட்டங்களையும் முழுமையாக உள்ளடக்கிய முதல் ஆய்வு 2012/13இல்தான் நடந்தது. அப்போது மீள்குடியேறி சில ஆண்டுகளே ஆகியிருந்த குடும்பங்கள், தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த நிலைதான் கணக்கில் ஆரம்பமாக எடுக்கப்படுகிறது. 1990க்கு முன்னர் ஒரு குடும்பத்திடம் எத்தனை மாடு நின்றது, எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது, வள்ளமும் வலையும் இருந்ததா என்பவை எந்த அட்டவணையிலும் இல்லை. தொடக்கப் புள்ளியைப் பள்ளத்தில் வைத்துவிட்டால், பள்ளத்திலிருந்து எழுந்து நிற்பதே பெரும் வளர்ச்சி போலத் தெரியும்.

காணி விலை என்ற மற்றக் கோல்

வருமானம் இன்று கையில் வருவது. சொத்து நாளைக்கு மிஞ்சுவது. அதனால்தான் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் வசதியான கவுண்டிகளை வரிசைப்படுத்துபவர்கள் குடும்ப வருமானத்தின் இடையத்தையும் வீட்டு விலையின் இடையத்தையும் அருகருகே வைக்கிறார்கள். கவுண்டி என்பது ஏறக்குறைய எமது மாவட்டம் போன்ற நிருவாகப் பிரிவு. வேர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டியிலும் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியிலும் குடும்ப வருமானத்தின் இடையம் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் டொலரைத் தாண்டும். ஆனால் லவுடனில் ஒரு வீட்டின் விலை அந்த வருமானத்தின் ஏறத்தாழ நான்கு மடங்கு. சாண்டா கிளாராவில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஒரே வருமானம், ஆனால் ஓரிடத்தில் ஆசிரியரும் தாதியும் வீடு வாங்கலாம், மற்ற இடத்தில் வாங்கமுடியாது. இரண்டு கோல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

அங்கே இந்த ஒப்பீடு வேலை செய்வதற்குக் காரணம், பெரும்பாலான வீடுகள் உறுதியோடு விற்கப்படுகின்றன, ஒவ்வொரு விற்பனையும் பதிவாகிறது. வீட்டின் பெறுமதிக்கு ஏற்ப வரி அறவிடப்பட்டு, அந்த வரியில் உள்ளூர்ப் பாடசாலைகள் நடக்கின்றன. விலை உயர்ந்தால் பாடசாலையும் உயரும். அங்கே ஏற்றத்தாழ்வு வளர்வதற்கும் அதுவே ஒரு காரணம் என்பது வேறு கதை.

இலங்கையில் மத்திய வங்கி வெளியிட்டுவரும் காணி விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு பேர்ச் ஒரு கோடி ரூபாவைத் தாண்டும். 2019இன் இடைய வருமானம் பெற்ற குடும்பம் ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்த ஒரு பேர்ச்சை வாங்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திருகோணமலைக்குள்ளும் காணி விலை இருக்கிறது. நகரம், உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி என்று சுற்றுலாக் கரையோரத்தில் பேர்ச் கணக்கில் பேரம் நடக்கிறது. கொழும்புப் பணமும் புலம்பெயர்ந்தோர் பணமும் அங்கே புழங்குகின்றன. ஆனால் அந்த விலை அங்குள்ள மீனவரின் வருமானத்திலிருந்து வருவதல்ல. நிலாவெளி அடங்கும் குச்சவெளிப் பிரிவிலேயேதான் இடப்பெயர்வில் உருக்குலைந்த தென்னமரவாடியும் இருக்கிறது. கடற்கரைக் காணி கோடிக்குப் போனதால் உள்ளூர் மீனவர் பணக்காரராகிவிடவில்லை. கரைவலை இழுத்த இடத்தில் வேலி வந்ததும், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க அதே ஊரில் ஒரு துண்டு வாங்கமுடியாமல் போனதும்தான் அவர் கண்டது. காணி விலை உயர்வை வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டுபவர்கள், யாருடைய பணத்தால் உயர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விலையில்லாத காணி

வெருகலில் நிலைமை இன்னொரு விதம். நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி. வெருகல் போன்ற விவசாயப் பிரதேசங்களில் குடும்பங்கள் பரம்பரையாகச் செய்துவரும் நிலத்தில் பெரும்பகுதிக்கு உறுதி கிடையாது. இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். சிலரிடம் அளிப்புப் பத்திரம். சிலரிடம் எதுவுமில்லை. இடப்பெயர்வுகளில் ட்ரங்குப்பெட்டியோடு பத்திரமும் போய்விட்டது.

அனுமதிப்பத்திரக் காணியை விரும்பியவருக்கு விற்கமுடியாது. கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். துண்டாடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. தனியார் வங்கியில் வைத்துப் பெரிய கடன் எடுப்பது ஏறத்தாழ முடியாத காரியம். வாங்குபவர் இல்லாத பொருளுக்குச் சந்தை விலையும் இல்லை. எனவே மூன்று ஏக்கர் வயலும் குடியிருப்புக் காணியும் உள்ள வெருகல் விவசாயியிடம், காணி விலை என்ற கோலின்படி, சொத்தே இல்லை. நகரத்தில் பத்துப் பேர்ச் உறுதிக் காணி வைத்திருப்பவர் வங்கிக்குப் போனால் கடன் கிடைக்கும். மூன்று ஏக்கர்க்காரர் நுண்கடன் கம்பனியிடம்தான் போகவேண்டும்.

நுண்கடனின் கதை எல்லோருக்கும் தெரியும். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனும் பெண்களை நசித்தன. 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவிக்கவேண்டி வந்தது. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. கடன்பட்ட பெண்கள் ஏன் இவ்வளவு கூடிய வட்டியை ஏற்றார்கள் என்று கேட்பவர்கள், அவர்களின் காணியை எந்த வங்கி ஏற்றது என்றும் கேட்கவேண்டும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து ஒழுங்கு ஆண் வாரிசுகளை முன்வைத்தது. கணவர் காணாமலாக்கப்பட்டு, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண், அவர் பெயரிலுள்ள பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்ற எத்தனை தடவை அலுவலகப் படி ஏறியிருப்பார்? 2022இல் வந்த திருத்தம் பின்னுரித்தில் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. அது பெரிய விடயம். ஆனால் திருத்தம் தானாகக் கதவைத் தட்டாது. பத்திரத்தைத் தேடி, விண்ணப்பித்து, காணிக் கச்சேரி வரை பின்தொடரவேண்டும்.

கணக்குத் தப்பினால் நட்டம் யாருக்கு?

எண்கள் கடதாசியில் மட்டும் இருந்தால் கவலையில்லை. பணம் எங்கே போகவேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

2023 ஜூலையிலிருந்து சமுர்த்தி உதவித்தொகையின் இடத்தை அஸ்வெசும எடுத்துக்கொண்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பரிமாணங்களில் 22 குறிகாட்டிகளை வைத்து ஒரு குடும்பத்துக்குப் புள்ளி போடப்படுகிறது. புள்ளிக்கேற்ப உதவி. மிகவும் வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபாவாகத் தொடங்கி 2025இல் 17,500 ஆகவும், வறியவர்களுக்கு 8,500இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. வருமானத்தை மட்டும் நம்பாமல் பல பக்கமும் பார்ப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் விற்கமுடியாத காணியும், வெள்ளத்தில் அடித்துச் செல்லக்கூடிய மாடும், உதவித்திட்டத்தில் கிடைத்த கல்வீடும் சொத்தாகப் பார்க்கப்படும்போது, உள்ளே அடுப்பெரியாத வீடு வெளியிலிருந்து வசதியானதாகத் தெரியலாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. மேலதிகச் செலவுக்குக் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்கள் பல. வீட்டுச் சுவர் தெரியும், கடன் தெரியாது.

வெள்ளமும் ஒரு கணக்கு. மகாவலியின் மேல்பகுதியில் மழை கொட்டினால் அந்த நீரின் ஒரு பகுதி கடைசியில் வெருகலாறு வழியாகக் கடலுக்கு வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கங்களில் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். நவம்பரில் விதைத்த வயல் டிசம்பரில் இல்லை. ஓர் ஆய்வு உத்தியோகத்தர் அந்த வீட்டுக்கு ஒக்டோபரில் வந்தாரா, ஜனவரியில் வந்தாரா என்பதைப் பொறுத்து வருமானம் தலைகீழாகும்.

உள்ளூராட்சியிலும் இதே கதைதான். நகர சபைக்குச் சோலைவரி வரும். கட்டடங்களின் பெறுமதி உயர்ந்தால் வருமானமும் உயரும். வெருகல் பிரதேச சபை போன்ற கிராமிய சபைகளுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. வீதி விளக்குக்கும் கிறவல் வீதிக்கும் மேலிருந்து வரும் ஒதுக்கீட்டையே பார்த்திருக்கவேண்டும். அந்த ஒதுக்கீட்டை முடிவு செய்பவரின் மேசையில் திருகோணமலை மாவட்டம் ஓரளவு பரவாயில்லை என்ற எண் கிடந்தால், வெருகலின் கோரிக்கை பின்னுக்குத் தள்ளப்படும்.

என்ன கேட்கவேண்டும்?

முதலாவது, மாவட்ட எண்ணோடு பிரதேச செயலக எண்ணும் வேண்டும். 2024இல் புதிய குடிசன மதிப்பீடு நடந்து முடிந்துவிட்டது. நாட்டின் குடித்தொகை 2 கோடி 17 இலட்சத்தைத் தாண்டியதாக அது சொல்கிறது. 2012 மதிப்பீட்டை வைத்துச் செய்ததுபோல, இதையும் வருமான ஆய்வோடு இணைத்துப் புதிய வறுமை வரைபடம் செய்யலாம். வெருகலையும் வாகரையையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க அதுவே வழி.

இரண்டாவது, சராசரியைச் சொல்லும் இடமெல்லாம் இடையத்தையும் சொல்லவேண்டும். மாவட்ட அபிவிருத்திக் கூட்டங்களில் அறிக்கை வாசிக்கப்படும்போது ஓர் உறுப்பினர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பேச்சின் திசை மாறும்.

மூன்றாவது, காணியின் விலைக்குப் பதிலாகக் காணியின் உரித்தை அளக்கவேண்டும். எத்தனை குடும்பங்களிடம் உறுதி இருக்கிறது, எத்தனை குடும்பங்களிடம் அனுமதிப்பத்திரம், எத்தனை பத்திரங்கள் தொலைந்து புதுப்பிக்கப்படாமல் கிடக்கின்றன, எத்தனை பெண்களின் பெயரில் இருக்கின்றன, எத்தனை ஏக்கர் வேறு திணைக்களங்களின் எல்லைக்குள் போயிருக்கிறது என்பவை வெருகலுக்கு விலைச் சுட்டெண்ணைவிட அதிகம் சொல்லும்.

இவற்றைக் கேட்பதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் அறிவிக்கப்படவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, விவசாய அமைப்போ ஒன்றாகச் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் பதிலுக்கு இன்னும் கனம் இருக்கும். கேள்விகளைப் பொதுவாக எழுதாமல், கிராம சேவகர் பிரிவு வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் கேட்பது நல்லது.

வசதியான மாவட்டம் எது என்ற பட்டியல் இனியும் வரும். கொழும்பு இனியும் முதலில் நிற்கும். வெருகல் மக்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் ஓர் இடமல்ல. ஆண்டுக்கணக்காக எண்ணப்படாமலும், எண்ணியபோது பிறரோடு கலக்கப்பட்டும் போன தங்கள் நிலை, தங்கள் பெயரிலேயே எழுதப்படவேண்டும் என்பதுதான். பெயர் எழுதப்பட்ட இடத்துக்குத்தான் ஒதுக்கீடும் எழுதப்படும்.